வேண்டாம் என்று காதில் விழுந்தது

புதிதாக வயர்லெஸ் லைசென்ஸ் வாங்கி, மாடியில் ஏரியல் கட்டி, புயல் வெள்ளம் வந்தால் நாங்களும் வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கும் உங்களைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. போன வாரப் பயிற்சியில் நீங்கள் மோர்ஸ் சாவியைத் தட்டிய வேகத்தைப் பார்த்தேன். யார் எந்த ரயிலைப் பிடிக்க ஓடினீர்களோ தெரியவில்லை. எதிர்முனையில் உட்கார்ந்திருந்தவர் பாதியை எழுதினார், மீதியை ஊகித்தார். ஊகித்தது சரியாகவும் அமைந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினீர்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழவனுக்குப் பொறாமை என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

செட்டை எப்படிப் பூட்டுவது, பாட்டரியை எப்படிப் பராமரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. அன்று ஏன் கைதட்டவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே சிக்னலராகச் சேர்ந்தவன் நான். சிக்னலர் என்றதும் கொடி காட்டுகிற ஆள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தந்திக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, இன்ன வண்டி இன்ன ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டது என்று தட்டுவதும், மற்றவர்கள் தட்டுவதைக் கேட்டு எழுதுவதும் எங்கள் வேலை. எல்லாப் பக்கமிருந்தும் ரயில் வந்து சேருகிற ஊர் என்பதால் கருவி ஓயவே ஓயாது. சில வருஷத்தில் என் காது எப்படி ஆகிவிட்டது என்றால், பக்கத்து வீட்டில் அம்மி கொத்துகிற சத்தத்தில்கூட எழுத்து தேடுவேன். அதோடு கூடவே தலைக்கனமும் வந்துவிட்டது.

அப்போதே எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு பேர் ஆசைக்கு வயர்லெஸ் செட் வைத்திருந்தார்கள். யுத்தம் ஆரம்பித்ததும் சர்க்கார் அவற்றையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டது. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, மறுபடி லைசென்ஸ் கிடைக்கிறது என்று தெரிந்தது. பட்டாளத்தில் மிஞ்சிப்போன செட்டுகள் மதராஸில் பழைய சாமான் கடைகளில் இரும்போடு இரும்பாகக் கிடந்தன. எங்கள் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு காற்று அடித்தால் போதும், தந்திக் கம்பங்கள் சாய்ந்து, ஒரு ஊருக்கு நடந்தது அடுத்த ஊருக்குத் தெரியாது. வருஷா வருஷம் இதைப் பார்த்து அலுத்துப்போன சிலர் ஒன்று சேர்ந்தோம். விழுப்புரத்தில் ஒரு செட், திண்டிவனத்தில் ஒரு செட் என்று ஆரம்பிப்பது, கம்பி அறுந்தால் நாம் செய்தி சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் என்னைவிட வயதில் சின்னவர். வானூர்ப் பக்கத்துக்காரர். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், பர்மா எல்லையில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து திரும்பியவர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாங்கள் கூப்பிட்டபடியே பட்டாளத்துக்காரர் என்று சொல்கிறேன். அவரைப் பார்த்ததும் எனக்கு, 'வேலையில் பழுத்த எனக்கு இவர் என்ன கற்றுத்தரப் போகிறார்' என்றுதான் தோன்றியது.

முதல் நாளே மூக்கு உடைபட்டது. தந்திக் கருவி 'டக்' என்று அடிக்கும். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே உள்ள நேரத்தை வைத்துப் புள்ளியா கோடா என்று படிப்போம். வயர்லெஸ்ஸில் அப்படி இல்லை. விசில் ஊதுவதுபோல் ஒரு நாதம் வரும். குட்டையாக ஊதினால் புள்ளி, நீட்டி ஊதினால் கோடு. தமிழில் குறில் நெடில் மாதிரிதான். ஆனால் டக்குக்குப் பழகிய என் காது அதைப் பிடிக்க மாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது.

சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் இரண்டு மூன்று எழுத்தைப் பிடித்துவிட்டால் மீதியை நானே நிரப்பிக்கொள்வது. ஊர்ப் பெயர்கள்தானே, எனக்குத் தெரியாத ஊரா? ஒரு நாள் பயிற்சிச் செய்தி ஒன்றை அடித்தார். அரிசி மூட்டை இன்ன ஊருக்கு அனுப்பவும் என்பது செய்தி. நான் எழுதி நீட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார், வண்டி வர்றதுக்கு முன்னியே கைகாட்டிய எறக்கிட்டீங்க?"

"ஏன், இன்னா தப்பு?"

"இங்கிலீஷ்ல V, I, L, Lன்னு கேட்ட ஒடனே விழுப்புரம்னு எழுதிக்கினீங்க. நான் அடிச்சது வில்லியனூரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொந்த ஊர்ப் பெயரில் சறுக்கினால் யாருக்குத்தான் வராது? "பயிற்சிதானே, விடுங்க" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வில்லியனூர்ல ஒருத்தன் பசியோட குந்திக்கினு இருப்பான் சார். அரிசி விழுப்புரத்துல எறங்கும். அங்க பர்மால ஒருத்தன் இப்பிடித்தான், தப்பா இருக்குதேன்னு நெனச்சி செய்திய அவனே திருத்திப்புட்டான். அதுக்கு மேல கேக்காதீங்க." நான் எழுதிய காகிதத்தைத் திருப்பி நீட்டி, "காதுல வுழுந்தத காயிதத்துல எழுதுங்க. மனசுல வுழுந்தா, அத்த வாயால தனியா சொல்லுங்க. ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க" என்றார்.

அவர் சொன்னது அப்போது எனக்கு முழுசாக ஏறவில்லை. சின்னவர் புத்தி சொல்கிறாரே என்ற எரிச்சல்தான் முன்னால் நின்றது.

திண்டிவனம் செட்டுக்குப் பொறுப்பாளர் அங்கே ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். நடத்தியது சயின்ஸ், உயிர் இருந்தது இலக்கணத்தில். வகுப்பில் ஒரு பையன் "வாணாம் சார்" என்று சொல்லிவிட்டால் போதும், காந்தமும் மின்சாரமும் அப்படியே நிற்கும். "வாணாம் என்று ஒரு சொல் தமிழில் உண்டா? வேண்டாம். எங்கே சொல்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். நல்ல மனிதர். யாரையும் நோகப் பேச மாட்டார். ஆனால் பேச்சில் ஒரு மெய்யெழுத்துகூடக் குறையக் கூடாது.

தமிழுக்கென்று தனி மோர்ஸ் கிடையாது அல்லவா? கிராமத்து மணியக்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்றால் தமிழ்ச் செய்தியை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எந்தத் தமிழ் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. மல்லாட்டை என்று அடித்தால் எல்லோருக்கும் புரியும். வாத்தியார் நிலக்கடலை என்றுதான் அடிக்க வேண்டும் என்றார்.

"நெலக்கடலைன்னு அடிச்சி முடிக்கறதுக்குள்ள பாட்டரி பூடும் வாத்தியாரே" என்றார் பட்டாளத்துக்காரர்.

"பாட்டரி போனால் வேறு பாட்டரி வாங்கலாம் ஐயா. ஆளுக்கொரு கொச்சையில் அடித்தால், வேறு மாவட்டத்துக்காரர் எப்படிப் புரிந்துகொள்வார்?"

அதிலும் நியாயம் இருந்தது. பேச்சுத் தமிழ் ஊருக்கு ஊர் மாறும், எழுத்துத் தமிழ் மாறாது. கடைசியில் அவர் கட்சியே ஜெயித்தது. எல்லாச் செய்தியும் எழுத்துத் தமிழில் என்று முடிவாயிற்று. 'தேவை' என்றால் வேண்டும், 'தேவையில்லை' என்றால் வேண்டாம். அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. பட்டாளத்துக்காரர்கூடப் பார்க்கவில்லை, அவர் அதுவரை இங்கிலீஷில்தான் அடித்திருந்தார்.

வாத்தியார் சாவி தட்டுகிற விதமும் அவர் பேச்சு மாதிரிதான். மெதுவாக, அழுத்தம் திருத்தமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரே அளவு இடம் விட்டு அடிப்பார். "வாத்தியார் சீர் பிரித்து அடிக்கிறார்" என்று நான் கேலி செய்வேன். கேட்கிறவனுக்குத் தூக்கம் வந்துவிடும் என்பேன். "தூங்கி எழுந்து கேட்டாலும் புரியும் அல்லவா" என்பார் அவர்.

திண்டிவனம் போனால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி மயிலத்துப் பெண். வாத்தியாருக்கு நேர் எதிர். பேச்சில் பாதி சிரிப்பாகத்தான் இருக்கும். பரிமாறிக்கொண்டே, "உங்க சிநேகிதரு தூக்கத்துலகூட எலக்கணமாத்தாண்ணே கொறட்ட வுடறாரு" என்பார். அவித்த மல்லாட்டையை ஒரு துணியில் முடிந்து வழிக்குக் கொடுப்பார். "இது மல்லாட்ட. ரயில் ஏறினதுக்கு அப்பறம் நெலக்கடலயா மாறிடும்" என்று ஒரு தடவை சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தார். வாத்தியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகையில் பயிற்சி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "அந்த மாதம் எனக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது" என்று சொல்லி முகம் சிவந்தார்.

பயிற்சி ஓரளவு முடிந்து, பட்டாளத்துக்காரர் வேலை கிடைத்து மதராஸ் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த கார்த்திகையில் காற்று அடித்தது.

விடிந்து பார்த்தபோது விழுப்புரத்தில் தந்திக் கம்பி ஒன்றுகூட உயிரோடு இல்லை. திண்டிவனம் போகிற ரயில் பாதையில் பேரணி ஸ்டேஷனுக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண் கரைந்து ஓடிவிட்டது. சாலையில் மரங்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எங்கள் செட்டை வைத்திருந்தோம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாத்தியாரின் கை கேட்டது; தட்டுகிற விதத்திலேயே யார் கை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அது எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லி மாளாது.

அவர் அனுப்பிய முதல் செய்தி இதுதான். ஊரில் எத்தனை வீடு சேதம், குடிதண்ணீர் நிலைமை என்ன என்று சொல்லிவிட்டு, கடைசியில்: 'ஒரு பெண்ணுக்குப் பிரசவச் சிக்கல். ஊரில் டாக்டர் இல்லை. மருத்துவச்சி பார்க்கிறாள். பிறகு சொல்கிறேன்.'

ஒரு பெண் என்றுதான் இருந்தது. அந்த ஒரு பெண் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செய்தியைத் தாசில்தாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதர். ஸ்டேஷனிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். உடனே பெண்கள் ஆஸ்பத்திரி லேடி டாக்டருக்கு ஆள் அனுப்பினார். ஒரு எஞ்சினைத் தயாராக வைத்தார்கள். உடைப்பு வரை எஞ்சின் போகும். அதற்கு அப்பால் டிராலி, அதாவது தண்டவாளத்தின் மேல் ஆட்கள் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டி. டாக்டர் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மருத்துவச்சியே சமாளித்துவிடவும் கூடும், திண்டிவனத்திலிருந்து அடுத்த செய்தி வரட்டும் என்று காத்திருந்தோம்.

அதற்குள் தெற்கே இருந்து ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். காற்றுக்குப் பயந்து ஜனங்கள் சாவடியில் ஒண்டியிருக்கிறார்கள். சுவர் இடிந்து விழுந்துவிட்டது. "கால் ஒடிஞ்சி, தல ஒடஞ்சி கெடக்குறாங்க சாமி. யாராவது வாங்க" என்று அழுதார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முதல் நாள் கடலூர் போனவர் திரும்பவில்லை. விழுப்புரத்தில் இருந்தது லேடி டாக்டரும் ஒரு கம்பவுண்டரும்தான். வடக்கே போனால் தெற்கே போக முடியாது.

"திண்டிவனம் இன்னா சொல்றாங்கன்னு கேளுய்யா. ஜல்தி" என்றார் தாசில்தார். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

உச்சிப்பொழுதில் வாத்தியாரின் கை மறுபடி கேட்டது. ஆனால் சத்தம் மங்கலாக இருந்தது. காற்றில் அவருடைய ஏரியல் கம்பி ஆடுகிறது போலும். நாதம் எழுவதும் அமுங்குவதுமாக வந்தது. நான் எழுதினேன். லேடி டாக்டர் வர. அதற்கு அடுத்த சொல்: V, E, N, D, A, M. வேண்டாம்.

அதோடு சத்தம் நின்றுவிட்டது. திரும்பச் சொல்லுங்கள் என்று அடித்தேன். பதில் இல்லை. மறுபடி மறுபடி அடித்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது.

எழுதியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. வேண்டும் என்பதற்கு U. புள்ளி, புள்ளி, கோடு. வேண்டாம் என்பதற்கு A. புள்ளி, கோடு. ஒரே ஒரு புள்ளி அமுங்கிப்போனால் 'வா' என்பது 'வராதே' ஆகிவிடும். நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து, இலக்கணம் பேசி, ஓட்டுப் போட்டு ஏற்படுத்திய ஏற்பாடு இது.

கேட்டதை மனதில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். N முடிந்து D. D முடிந்து ஒரு இடைவெளி. அந்த இடைவெளி கொஞ்சம் அகலமாக இருந்தது. வேறு யாருடைய கையாக இருந்தாலும் நான் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். நாம் எல்லோரும் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் அடிக்கிறவர்கள்தான். வாத்தியார் அப்படி இல்லை. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே அவர் விடுகிற இடம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒரு புள்ளி உட்காரும் அளவுக்கு அதிகமாக இருந்தது.

இருந்ததா? அல்லது இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? எனக்கு மல்லாட்டை முடிந்து கொடுத்த பெண் அங்கே படுத்திருக்கிறாள். டாக்டரை வடக்கே அனுப்ப என் மனது எந்தச் சாக்கையும் பிடித்துக்கொள்ளும். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மருத்துவச்சி சமாளித்து, நிஜமாகவே டாக்டர் தேவையில்லை என்று அவர் சொல்லியிருந்தால்? தெற்கே ரத்தம் ஒழுகப் படுத்திருப்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பென்சில் கையில் இருந்தது. A-வை அடித்துவிட்டு U எழுதினால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பென்சில் காகிதம் வரை போயிற்று. அப்போது 'ரெண்டையும் ஒண்ணா கலக்காதீங்க' என்ற குரல் கேட்டது. பயிற்சியில் ஏறாத புத்தி அன்றைக்கு ஏறியது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொண்டு போனேன்.

தாசில்தார் வாங்கிப் படித்தார். அவர் முகத்தில் பாரம் இறங்கியதுபோல் தெரிந்தது. "வேண்டாமாம். நல்லதாப் போச்சு. டாக்டரம்மா, நீங்க தெற்கே கிளம்புங்க."

"ஒரு நிமிஷம்ங்க" என்றேன். "காதுல வுழுந்தது அந்தக் காயிதத்துல இருக்குது. நான் அத்த மாத்தல. ஆனா மனசுல ஒண்ணு இருக்குது, அத்த தனியா சொல்றேன்."

புள்ளியைப் பற்றியும், இடைவெளியைப் பற்றியும், அடித்தவர் கையைப் பற்றியும் சொன்னேன். தாசில்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாய்யா பேஜாரு இது! எழுதினது நீ, வேண்டாம்னு எழுதியிருக்கே. இப்போ இல்லேங்கறே?"

"இல்லேன்னு சொல்லலீங்க. சந்தேகம்னு சொல்றேன்."

டாக்டர் அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார். "உங்க சந்தேகம் எந்த அளவுக்கு? நிச்சயமா சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. பாதிக்குப் பாதின்னு வெச்சிக்குங்க."

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமா?"

தொண்டை வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் மனது இளகியிருக்கும். ஆனால் தெற்கே படுத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையே; அவர்களுக்காக அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"அது செய்தியில இல்லீங்க" என்றேன்.

அவர் ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "ஒடிஞ்ச கால நீங்க கட்டிடுவீங்க. காயத்துக்குத் தையல் போடுவீங்க. சிக்கின பிள்ளைய எடுக்க உங்களால ஆவாது. நீங்க தெற்கே போங்க, என்கிட்ட இருக்கற மருந்தெல்லாம் எடுத்துக்கினு போங்க. நான் திண்டிவனம் போறேன்."

"செய்தி சரியா இருந்து, அங்க நீங்க தேவையில்லன்னு ஆச்சுன்னா?" என்று தாசில்தார் கேட்டார்.

"அப்போ நீங்க என்னைத் திட்டிக்குங்க. இப்போ எஞ்சினக் கெளப்பச் சொல்லுங்க."

எஞ்சின் வடக்கே போயிற்று. கம்பவுண்டரை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி தெற்கே போயிற்று. நான் கொட்டகைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்று மாலை வரை இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அந்த இரைச்சலில்கூட இடைவெளி அகலமா குறுகலா என்று தேடிக்கொண்டிருந்தேன். சோறு வந்தது, தொடவில்லை.

கம்பவுண்டர் இருட்டுவதற்குள் ஒரு தடவை வந்து மருந்து எடுத்துக்கொண்டு போனார். மூன்று நான்கு பேருக்குக் கட்டுப் போட்டுவிட்டதாகவும், வயதான ஒருவர் மட்டும் தான் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டதாகவும் சொன்னார். "டாக்டரே வந்திருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்க முடியாதுங்க" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று தெரியாது. உண்மை என்றே நம்புகிறேன். அந்தப் பெரியவரை நான் பார்த்ததுகூட இல்லை. இருந்தாலும் ஐப்பசி கார்த்திகையில் காற்று வீசினால் அவர் நினைவு வராமல் போவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'ஊகம் செய்யக் கூடாது என்கிறீர்கள், ஆனால் நீங்களே ஊகித்துத்தானே சொன்னீர்கள்' என்று உங்களில் ஒருவராவது கேட்பார். கேட்க வேண்டும். ஊகம் செய்யுங்கள்; நன்றாகச் செய்யுங்கள். அதைச் செய்தியாக வேஷம் கட்டி அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நான் காகிதத்தில் U என்று திருத்தியிருந்தால், டாக்டர் அம்மா யோசிப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. வேண்டும் என்று இருக்கிறது, போகிறேன் என்று போயிருப்பார். காகிதத்தில் இருந்ததும் என் வாயில் வந்ததும் இரண்டும் எதிரே இருந்ததால்தான், எது தப்பானாலும் எது குறைந்த நஷ்டம் என்று அவரால் பார்க்க முடிந்தது. முடிவெடுக்கிற வேலை அவருடையது. கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதும், சந்தேகத்தைச் சந்தேகமாகக் கொடுப்பதும்தான் என் வேலை.

அடுத்தது, அடிக்கிறவர்களுக்கு. நீங்கள் எத்தனை வேகமாக அடிக்கிறீர்கள் என்பது எதிர்முனையில் தூக்கமில்லாமல், பசியோடு, பயத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு உபகாரமும் இல்லை. வாத்தியார் ஊருக்கே தெரிந்த மந்த கதியில் அடித்திராவிட்டால் அந்த ஒரு புள்ளியின் இடம் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவருடைய இலக்கணம்தான் எங்களைப் பள்ளத்தில் தள்ளியது. அந்த இலக்கணக் கைதான் கரையேற்றவும் செய்தது. அவரைக் கேலி செய்ததற்காக நான் பிற்பாடு மன்னிப்புக் கேட்கவில்லை. எங்களுக்குள் அதெல்லாம் வழக்கமில்லை. கேலி செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் அம்மா என்ன ஆனார் என்பதைச் சொல்லாமல் உங்களைப் பிரசங்கம் கேட்க வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் திண்டிவனம் கிடைத்தது. முந்தின நாள் அந்தச் செய்தியை அடித்த கையோடு வாத்தியாரின் ஏரியல் கட்டியிருந்த பனைமரம் சாய்ந்துவிட்டதாம். செய்தி எனக்குக் கேட்டதா இல்லையா என்றுகூடத் தெரியாமல், வீட்டுக்கும் ஸ்டேஷனுக்குமாக அவர் நடந்துகொண்டிருந்திருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் டிராலி வந்து நின்றது. டாக்டர் இறங்கியதும் இறங்காததுமாக, "நீங்க வர வேண்டாம்னு சொன்னதா எழுதியிருக்கு. இருந்தாலும் உங்க சிநேகிதர் சொல்லி வந்தேன்" என்றாராம். வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றபோதுதான் விரலால் சுவரில் தட்டிப் பார்த்திருக்கிறார். வேண்டும். வேண்டாம். அதைப் பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

விடிந்ததும் ஏரியலைத் தென்னையில் தூக்கிக் கட்டி அவர் அனுப்பிய செய்தி இது. நான் கேட்டதைக் கேட்டபடியே, இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"இனி வேறு டாக்டர் வானம். வானம். வானம். தாய் சேய் நலம்." நிமிர்ந்தார். "நலம்னா சந்தோஷம். அது இன்னாய்யா மூணு வானம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வானம் இல்லீங்க. வாணாம். வாத்தியாரு வாணாம்னு சொல்றாரு."

வேணும், வாணாம். இரண்டையும் அடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி போனாலும், இரண்டு போனாலும், ஒன்று மற்றதாக மாறாது. அன்றிலிருந்து நம் குழுவில் அதுதான் சட்டம். எத்தனையோ வருஷமாக மூன்று தடவை வாணாம் அடிக்கிறோமே, ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் அன்று காலை என்னை உலுக்கியது அந்தச் சொல் இல்லை. முதல் நாள், மனைவி உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, 'ஒரு பெண்' என்று சொல்லி, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இம்மி பிசகாமல் இடம் விட்டு அடித்தவர் அவர். எல்லாம் நல்லபடி முடிந்து, 'தாய் சேய் நலம்' என்று அடித்தபோது, ஒரு இடைவெளிகூடச் சரியாக இல்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இரண்டு தடவை தப்பாக அடித்து, நிறுத்தி, மறுபடி அடித்தார். அவர் கை நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.